தடுக்கத் தெரிந்த பிறகும்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், அன்றும் இன்றும்

2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 6,60,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 3,50,000 பேர் அந்த நோயால் இறந்தார்கள். இறந்தவர்களில் நூற்றுக்கு 94 பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். இந்தக் கணக்கைப் பார்ப்பவருக்கு இது வறுமையோடு கூடப் பிறந்த நோய் என்றே தோன்றும். எழுபது ஆண்டுகளுக்கு முன் நிலைமை அப்படி இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே நோய் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களை வாரிக்கொண்டு போனது. நாடுகளுக்கு இடையே இன்று தெரியும் இடைவெளி நம் பெற்றோர் காலத்தில் உண்டானது. அது எப்படி உண்டானது என்று தெரிந்துகொண்டால், எப்படி மூடுவது என்பதும் தெரிந்துவிடும்.

எல்லோருக்கும் பொதுவாக இருந்த காலம்

1951 ஜனவரியில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்தார். ஐந்து குழந்தைகளின் தாய். இயல்புக்கு மாறான உதிரப்போக்கு இருந்தது. பரிசோதித்த மருத்துவர்கள் கர்ப்பப்பை வாயில் கட்டி இருப்பதைக் கண்டார்கள். அந்தக் காலத்தின் சிறந்த சிகிச்சையான ரேடியம் வைத்தார்கள். அக்டோபரில் அவர் இறந்தபோது வயது 31. அவரிடம் அனுமதி கேட்காமலே எடுக்கப்பட்ட கட்டியின் செல்கள் 'ஹீலா' என்ற பெயரில் இன்றுவரை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்ந்துகொண்டிருக்கின்றன.

உலகின் செல்வம் மிகுந்த நாட்டில், புகழ்பெற்ற மருத்துவமனையில் நடந்தது இது. அன்று அமெரிக்கப் பெண்களின் புற்றுநோய் மரணங்களுக்கு முதன்மையான காரணங்களில் ஒன்றாகவே இந்த நோய் இருந்தது. பணம் இருந்தால் நல்ல படுக்கை கிடைக்கும், வலி குறைக்க மருந்து கிடைக்கும். நோய் முற்றி இரத்தம் பட்ட பிறகுதான் வெளியே தெரியும் என்ற விதி எல்லா நாட்டுப் பெண்களுக்கும் பொதுவாக இருந்தது.

அந்த விதியை உடைத்தவர் கிரேக்கத்தில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய ஜார்ஜ் பாப்பனிக்கொலாவ். கர்ப்பப்பை வாயிலிருந்து உதிரும் செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் நோய் வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று அவர் காட்டினார். 1928-இல் அவர் முதன்முதலில் பேசியபோது பெரிதாக யாரும் காதுகொடுக்கவில்லை. 1941-இல் ஹெர்பர்ட் டிராட் என்ற மகப்பேறு மருத்துவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று நாம் சொல்லும் பாப் ஸ்மியரில் உள்ள 'பாப்' அவர் பெயரின் சுருக்கம்.

இந்தப் புற்றுநோய் ஓர் இரவில் வருவதில்லை. கர்ப்பப்பை வாயின் செல்கள் மெல்ல மெல்லத் தடம் மாறி, புற்றாக முதிர்வதற்குப் பொதுவாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அவ்வளவு நீண்ட அவகாசத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால், சிறிய சிகிச்சையிலேயே அதை அகற்றிவிடலாம். பெண் அன்றே வீடு திரும்பலாம். இத்தனை தாராளமாக நேரம் கொடுக்கும் புற்றுநோய்கள் மிகக் குறைவு. அந்த நேரத்தை எந்த நாடு பயன்படுத்தியது, எந்த நாடு வீணாக்கியது என்பதுதான் அதற்குப் பிந்தைய எழுபது ஆண்டுகளின் வரலாறு.

கடிதம் போட்ட நாடுகள்

1960-களில் வட ஐரோப்பாவில் நடந்ததைப் பொதுச் சுகாதாரத்தில் அக்கறை உள்ள எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே எல்லா நாடுகளும் வசதியானவை. எல்லா நாடுகளிலும் பாப் பரிசோதனை கிடைத்தது. ஆனால் 1965-க்கும் 1982-க்கும் இடையில் இந்த நோயால் ஏற்பட்ட மரணங்கள் ஐஸ்லாந்தில் 80 சதவீதமும், பின்லாந்தில் 50 சதவீதமும், சுவீடனில் 34 சதவீதமும் குறைந்தன. நார்வேயில் குறைந்தது 10 சதவீதம் மட்டுமே.

ஐஸ்லாந்தும் பின்லாந்தும் மக்கள்தொகைப் பதிவேட்டை எடுத்து, குறிப்பிட்ட வயதுக்குள் இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் இந்தத் தேதியில் வாருங்கள் என்று கடிதம் அனுப்பின. வராதவர்களை மறுபடி அழைத்தன. மாற்றம் தெரிந்தவர்களுக்குச் சிகிச்சை கிடைத்ததா என்று பின்தொடர்ந்தன. நார்வேயின் பெரும்பகுதியில் அப்படி ஓர் ஏற்பாடு அன்று இல்லை. தானாக மருத்துவரிடம் போகும் பெண்களுக்கு மட்டும் பரிசோதனை நடந்தது. அப்படிப் போகிறவர்கள் பெரும்பாலும் இளம் வயதினர், படித்தவர்கள். ஆபத்து அதிகம் இருந்தவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

இங்கிலாந்திலும் இதே பாடம்தான். 1960-களிலேயே பரிசோதனை தொடங்கியும் பல ஆண்டுகள் பலன் மந்தமாகவே இருந்தது. 1988-இல் கணினிப் பட்டியல் வைத்துப் பெண்களை முறையாக அழைக்கத் தொடங்கிய பிறகு மரணங்கள் வேகமாகச் சரிந்தன. கருவி ஒன்றுதான், அறிவும் ஒன்றுதான். அரசாங்கம் பெண்ணைத் தேடிப் போனதா, பெண் வரட்டும் என்று உட்கார்ந்திருந்ததா என்பதில்தான் பல ஆயிரம் உயிர்கள் அடங்கியிருந்தன.

சென்னையும் திண்டுக்கல்லும்

தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954-இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. தொடக்கத்தில் 12 படுக்கைகள். அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா 2021-இல் மறையும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. அந்நாளில் அங்கே வந்த பெண்களில் பெருந்தொகையினர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு வந்தவர்கள். பலர் நோய் முற்றிய நிலையில், ஊரில் பல மாதம் மறைத்து வைத்துவிட்டு வந்தவர்கள். வெள்ளைப்படுதல், மாதவிடாய் நின்ற பிறகும் உதிரப்போக்கு என்பதையெல்லாம் வெளியே சொல்ல நம் பெண்களுக்குக் கூச்சம். சொன்னாலும் அழைத்துக்கொண்டு போக ஆள் இல்லை. மருத்துவமனை என்றால் 'கரண்டு வைப்பார்கள்' என்று கதிர்வீச்சைப் பற்றிய பயம் வேறு.

1982 முதல் சென்னை நகரத்துக்கென்று புற்றுநோய்ப் பதிவேடு எழுதப்படுகிறது. அது தொடங்கியபோது பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதல் இடம் கர்ப்பப்பை வாய்க்குத்தான். அதன் பிறகு அந்த எண் ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே வந்து, இன்று பாதிக்கும் கீழே வந்துவிட்டது. முதல் இடத்துக்கு மார்பகப் புற்றுநோய் வந்துவிட்டது. ஐஸ்லாந்தைப் போலக் கடிதம் அனுப்பி நாம் இதைச் சாதிக்கவில்லை. பெண்கள் பள்ளிக்குப் போனார்கள், திருமண வயது ஏறியது, பிள்ளைப்பேறு குறைந்தது, வீட்டுக்குள் தண்ணீரும் கழிப்பறையும் வந்தன. வேறு காரணங்களுக்காக நடந்த சமூக மாற்றம் இந்த நோயையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனது. பெண்கல்விக்காகவும் குழந்தைத் திருமணத்துக்கு எதிராகவும் போராடியவர்களின் கணக்கில் இந்த உயிர்களையும் நாம் சேர்த்து எழுத வேண்டும்.

கிராமங்களில் இறக்கம் அவ்வளவு வேகமாக இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 1990-களில் எடுத்த கணக்கு, நோயின் அளவு சென்னையைவிடக் கூடுதல் என்று காட்டியது. நுண்ணோக்கியும் அதைப் படிக்கத் தெரிந்த நிபுணரும் இல்லாத இடத்தில் பாப் பரிசோதனை நடத்துவது எப்படி? அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமூக சுகாதார மையம், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையோடு சேர்ந்து 2000-ஆம் ஆண்டு இதற்கு ஒரு வழி தேடியது. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறுதல் அடைந்த இடம் வெள்ளையாகத் தெரியும். சமையலறை வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். பயிற்சி பெற்ற செவிலியரே வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். வெள்ளையான இடத்தை அன்றே உறைகுளிர் சிகிச்சையால் அகற்றிவிடலாம்.

30 முதல் 59 வயதுவரை உள்ள 49,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் பரிசோதனை செய்துகொள்ளும் வாய்ப்பு தரப்பட்டது. 2007-இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. ஒரே ஒரு முறை பரிசோதித்ததிலேயே நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. திண்டுக்கல் கிராமத்துப் பெண்கள் கூச்சத்தை ஒதுக்கிவிட்டுப் படுத்த அந்தப் பரிசோதனை மேசைகளிலிருந்து கிடைத்த அறிவு, பின்னர் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகளின் திட்டங்களுக்கு அடித்தளமானது.

ஒரு வைரஸ், ஓர் ஊசி

நோயின் காரணம் நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. ஜெர்மானிய ஆய்வாளர் ஹரால்ட் சுர் ஹவுசென் 1983-இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றில் எச்பிவி-16 என்ற வைரஸ் வகையைக் கண்டார். அடுத்து அவருடைய குழு எச்பிவி-18 வகையைக் கண்டபோது, அது ஹென்ரியட்டா லாக்ஸின் செல்களுக்குள்ளும் இருந்தது தெரிந்தது. உடலுறவு வழியாகப் பரவும் இந்த வைரஸ் பெரும்பாலான ஆண்களையும் பெண்களையும் வாழ்வில் ஒருமுறையாவது தொட்டுப் போகிறது. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். விரட்டப்படாமல் தங்கிவிடும் சிலரிடம்தான் புற்றாகிறது. ஆகவே இந்த நோய் வந்த பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க நியாயமே இல்லை. சுர் ஹவுசெனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

காரணம் வைரஸ் என்றால் தடுப்பூசி செய்யலாம். ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃப்ரேஸரும் சீனாவில் பிறந்த ஜியான் சோவும் அதற்கான அடிப்படையை அமைத்தார்கள். 2006-இல் ஊசி சந்தைக்கு வந்தது. 2007-இல் ஆஸ்திரேலியா அதைப் பள்ளி மாணவிகளுக்கு இலவசமாகப் போடத் தொடங்கியது. 2013-இல் மாணவர்களையும் சேர்த்தது. 2035-க்குள் இந்த நோயை ஒழித்த முதல் நாடுகளில் ஒன்றாவது அந்நாட்டின் இலக்கு. ஒழிப்பு என்றால் ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்களில் நான்கு பேருக்கும் கீழே கொண்டுவருவது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024-இல் வெளியான ஆய்வு சொன்னது.

பணத்தால் மட்டும் எழுதப்படாத வரைபடம்

தடுப்பூசி பணக்கார நாடுகளின் சொத்தாகவே நின்றுவிடும் என்றுதான் பலரும் எண்ணினார்கள். ருவாண்டா அதைப் பொய்யாக்கியது. 1994-இல் இனப்படுகொலையில் சிதைந்த நாடு அது. 2011-இல் ஆப்பிரிக்காவிலேயே முதலாவதாக நாடு தழுவிய எச்பிவி ஊசித் திட்டத்தைத் தொடங்கி, முதல் ஆண்டிலேயே உரிய வயதுச் சிறுமிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் போட்டு முடித்தது. பள்ளிக்கு வராத சிறுமிகளைக் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க் கண்டுபிடித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே பூட்டான் தொடங்கியிருந்தது. இலங்கை 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பள்ளியிலேயே போடுகிறது. நம் சிக்கிம் 2018-இல் பள்ளிகள் வழியாக ஏறக்குறைய எல்லாச் சிறுமிகளுக்கும் போட்டு வழிகாட்டியது.

செல்வ நாடான ஜப்பான் எதிர்த்திசையில் போனது. அங்கே 2013-இல் ஊசி போட்ட சில பெண்களுக்கு வலியும் நடுக்கமும் வந்ததாகச் செய்திகள் பரவின. அரசு ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. எழுபது சதவீதத்தை ஒட்டியிருந்த அளவு ஒரு சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. அந்த அறிகுறிகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுகள் காட்டிய பிறகும், 2022-இல்தான் பரிந்துரை மீண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஊசி வயதைக் கடந்துவிட்ட பெண்களின் தலைமுறை ஒன்று பாதுகாப்பில்லாமல் வளர்ந்துவிட்டது.

இந்தியாவுக்கும் அப்படி ஒரு காயம் உண்டு. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் ஒரு முன்னோட்டத் திட்டத்தில் சிறுமிகளுக்கு இந்த ஊசி போட்டார்கள். சில சிறுமிகள் இறந்ததும் 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்று விசாரணை கண்டது. பெற்றோரின் சம்மதத்தை முறையாகப் பெறவில்லை என்பதையும் அதே விசாரணை சொன்னது. ஏழைச் சிறுமிகளிடம் காட்டிய அந்த அலட்சியம் மன்னிக்கத் தக்கதல்ல. அது விதைத்த அவநம்பிக்கை நாட்டின் பல ஆண்டுகளைத் தின்றுவிட்டது. அதே நேரத்தில் நடந்துவந்த வேறொரு இந்திய ஆய்வும் பாதியில் நின்றதால், பல ஆயிரம் சிறுமிகள் ஒரே ஓர் ஊசியோடு நின்றுபோனார்கள். அவர்களைப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தபோது, ஒரு தவணையே ஏறக்குறைய முழுப் பாதுகாப்பைத் தந்தது தெரிந்தது. இதுவும் கென்யாவில் நடந்த ஆய்வும் சேர்ந்து, 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரே தவணை போதும் என்று ஏற்க வழிசெய்தன. ஏழை நாடுகளுக்கு அதனால் செலவும் அலைச்சலும் குறைந்தன.

கண்டுபிடித்த பிறகு என்ன?

உகாண்டாவின் கம்பாலா நகரப் பதிவேடு ஆப்பிரிக்காவின் மிகப் பழைய புற்றுநோய்ப் பதிவேடுகளில் ஒன்று. சென்னையில் இந்த நோய் இறங்கிக்கொண்டிருந்தபோது கம்பாலாவில் அது ஏறியது. பரிசோதனை இல்லை, கூடவே எச்ஐவி வந்தது. எச்ஐவி உள்ள பெண்களுக்கு இந்தப் புற்று வரும் ஆபத்து ஆறு மடங்கு. உலகிலேயே இந்த நோய் மிக அதிகமாக உள்ள எஸ்வாத்தினியில் இரண்டு தொற்றுகளும் கைகோத்துக்கொண்டுதான் பெண்களைக் கொல்கின்றன.

நோய் தெரிந்தாலும் சிகிச்சை வேண்டுமே. 2016 ஏப்ரலில் உகாண்டா முழுமைக்கும் இருந்த ஒரே கதிர்வீச்சு இயந்திரம் பழுதாகிவிட்டது. 1990-களில் வாங்கிய கோபால்ட் இயந்திரம் அது. மாற்று இயந்திரம் இயங்கத் தொடங்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. சிலரைக் கென்யாவுக்கு அனுப்பினார்கள். பயணத்துக்கு வழியில்லாதவர்கள் வீட்டில் காத்திருந்தார்கள். ஒரே ஓர் இயந்திரம்கூட இல்லாத ஆப்பிரிக்க நாடுகள் இருபதுக்கும் மேல் இருந்தன. முதல் நிலையில் வந்தால் பத்தில் ஒன்பது பேரைக் காப்பாற்றக்கூடிய நோய் இது.

மற்றப் புற்றுநோய்களிலும் இந்த ஏற்றத்தாழ்வு தெரிகிறது. 1975-ஆம் ஆண்டுக்கான முதல் உலக மதிப்பீடு, அந்த ஆண்டில் எல்லாப் புற்றுநோய்களும் சேர்த்துப் புதிய நோயாளிகள் சுமார் 59 லட்சம் பேர் என்றது. 2022-இல் அது ஏறக்குறைய 2 கோடி, 2050-இல் 3.5 கோடியாகும் என்று கணிக்கிறார்கள். மக்கள்தொகை இரண்டு மடங்கானதும், மனிதர்கள் நீண்டு வாழ்வதும் இதற்குப் பெரும் காரணங்கள். மார்பகப் புற்றுநோயைப் பாருங்கள். மிகவும் முன்னேறிய நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் அது வருகிறது. 71-இல் ஒருவர் அதனால் இறக்கிறார். மிகவும் பின்தங்கிய நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. இறப்பவரோ 48-இல் ஒருவர். நோய் குறைவாக வரும் நாட்டில் சாவு அதிகம். நேரத்தோடு கண்டறிந்து சிகிச்சை தர ஆள் இல்லாததே காரணம்.

நம் கையில் இருப்பது

2020 நவம்பர் 17 அன்று உலக சுகாதார நிறுவனம் இந்த நோயை ஒழிக்கும் திட்டத்தை அறிவித்தது. ஒரு புற்றுநோயை ஒழிப்போம் என்று உலக நாடுகள் உறுதி சொன்னது அதுவே முதல் முறை. 2030-க்குள் 15 வயதுக்கு முன் 90 சதவீதச் சிறுமிகளுக்கு ஊசி, 35 வயதிலும் 45 வயதிலுமாக 70 சதவீதப் பெண்களுக்குத் தரமான பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை என்பவை அதன் இலக்குகள்.

2022-இல் இந்தியாவில் ஏறக்குறைய 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அப்படியிருக்க, 30 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் ஒருமுறையாவது பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தமிழ்நாட்டில் அது நூற்றுக்குப் பத்தை நெருங்குகிறது. நாட்டிலேயே நாம் முன்னால் நிற்கிறோம், பெருமைப்படலாம். எழுபது வேண்டிய இடத்தில் பத்துதான் இருக்கிறது என்பதை மறந்துவிடவும் கூடாது.

ஊசியிலும் வழி திறந்திருக்கிறது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த உள்நாட்டு ஊசிக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கை, 14 வயதுச் சிறுமிகள் அனைவருக்கும் படிப்படியாக இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. போலியோவை விரட்டிய கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கிறது. அவர்கள் வீடு வீடாகப் போகும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொரு பெண்ணையும் பெயர் சொல்லி அழைக்க முடியும். மேசையில் படுக்கத் தயங்குகிறவருக்கு, வைரஸ் பரிசோதனைக்குத் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையும் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2022 முதல் எல்லாப் பெண்களும் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் கடினமில்லை. மகளுக்கு ஊசி போடும் நாளில் பள்ளி கேட்கும் சம்மதக் கடிதத்தைப் படித்து, கேள்வி இருந்தால் கேட்டுத் தெளிந்து, கையெழுத்திட வேண்டும். அம்மாவையும் அக்காவையும் மனைவியையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை அழைத்துக்கொண்டு போக வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு உதிரம் பட்டால் அன்றே சொல்ல வேண்டும் என்பதை வீட்டுப் பேச்சாக்க வேண்டும். அரசிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: பெண் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அழையுங்கள். ஐஸ்லாந்தின் மரணங்களை 80 சதவீதம் குறைத்தது அந்த அழைப்புதான். ருவாண்டாவின் சிறுமிகளைக் கண்டுபிடித்ததும் அதுதான். திண்டுக்கல்லில் அது பலித்தது என்று நமக்கு 2007-லேயே தெரியும். தடுக்கத் தெரிந்த நோயில் இனி இறக்கும் ஒவ்வொரு பெண்ணின் சாவுக்கும் விதியைக் காரணம் சொல்ல நமக்கு உரிமை இல்லை.